கறுப்பு ரெக்ஸின் மேல் கறுப்புக் கத்தி

பஞ்சுவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கிழிந்த சோபா, பள்ளம் விழுந்த நாற்காலி, வயிறு தொங்கிப்போன கார் சீட்டு, இவற்றுக்கெல்லாம் புதுச் சட்டை தைத்துப் போடுகிற தொழில் அவனுக்கு. நாள் முழுக்க ஸ்பாஞ்ச் அறுத்து அறுத்து, புருவத்திலும் மீசையிலும் மஞ்சள் தூள் ஒட்டிக்கிடக்கும். தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே கிளம்பினாலும் காது மடலுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

பட்டறை என்பது ஒரே ஒரு நீள அறை. நடுவில் வெட்டு மேஜை, அதுவே பாதி அறையைத் தின்றுவிடும். ஜன்னலோரம் தையல் மெஷின். அங்கே மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவன் அண்ணி. அண்ணன் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்தபோது கைக்குழந்தையோடு நின்றாள். உறவுக்காரர்கள் வந்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பஞ்சு மட்டும், "அண்ணி, மெஷின் சும்மாதானே கெடக்கு, வந்து உக்காருங்க" என்றான். அதுவரை தலையணை உறைக்கு மேல் எதையும் தைத்து அறியாதவள். இன்றைக்கு அவள் ஓட்டுகிற ஓரத் தையலை ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். அவள் வாய் மட்டும் மெஷினைவிட இரண்டு மடங்கு வேகம்.

சும்மா சொல்லக்கூடாது, பஞ்சு நல்லவன். இந்தக் கதையில் அவன் செய்ததைக் கேட்டபிறகும் நான் அதைத்தான் சொல்வேன். கோழையும்தான். நல்லவனும் கோழையும் ஒரே சட்டைக்குள் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. ஆளுக்கொரு கத்தி கிடையாது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடக்குக் கத்தி. மடக்குக் கத்தி என்று பேச்சுக்குத்தான் சொல்வது. காலையில் பிரித்தால் சாயந்திரம் பூட்டு போடும்போதுதான் மடக்குவார்கள். ரெக்ஸினை வெட்ட, ஸ்பாஞ்சை அறுக்க, கயிற்றை நறுக்க, தையலைப் பிரிக்க என்று நிமிஷத்துக்கொரு தரம் கத்தி வேண்டும். ஒவ்வொரு தடவையும் மடக்கிப் பிரித்தால் வேலை எப்போது முடிவது? அதனால் பிரித்தபடியே மேஜைமேல் கிடக்கும். யாருக்கும் கீறல்கூட விழுந்ததில்லை. வெள்ளைக் கத்தி அது, பளபளவென்று இருக்கும். எத்தனை துணி குவிந்து கிடந்தாலும் ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னிவிடும், கை தானாக ஒதுங்கும். கத்தியைக் கண்ணால் பார்த்துப் பிழைத்தவர்கள் அவர்கள். மடக்கி வைத்துப் பிழைத்தவர்கள் இல்லை. இது அவர்களுக்கே அப்போது தெரியாது.

அந்தக் கத்தியின் முனை ஒருநாள் போயிற்று. பழைய நாற்காலியிலிருந்து ஸ்டேப்ளர் பின்னை நெம்பப் போய், டப்பென்று உடைந்தது. உடைத்தவன் பஞ்சுதான்.

"நெம்புறதுக்குக் குறடு இருக்கு, வெட்டுறதுக்குக் கத்தி இருக்கு. உனக்குத்தான் ரெண்டும் ஒண்ணா தெரியுது" என்றாள் அண்ணி.

"விடுங்க அண்ணி, எப்படியும் மாத்தணும்னுதான் இருந்தேன். இந்தத் தடவை கறுப்பு வாங்கலாம்னு பாக்குறேன்."

"கறுப்பா? எதுக்குக் கறுப்பு?"

"துரு புடிக்காதாம். என் கைதான் உங்களுக்குத் தெரியுமே."

அதுவும் பொய்யில்லை. பஞ்சுவின் உள்ளங்கை எப்போதும் வேர்த்தபடி இருக்கும். பழைய கத்தியில் அவன் கட்டைவிரல் பதிகிற இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி வந்துகொண்டே இருக்கும், அவனும் துடைத்துக்கொண்டே இருப்பான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. பெரிய சோபா ஷோரூமிலிருந்து வருகிற ஃபிட்டர் ஒருவன் இடுப்பில் கறுப்புக் கத்தி வைத்திருந்தான். அவன் அதை ஒரு விரலால் தட்டித் திறக்கிற அழகைப் பார்த்ததிலிருந்து பஞ்சுவுக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பது வயதில் வந்த ஆசை, லேசில் போகுமா?

"துருவுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் போதும் தம்பி. மேஜை மேல கெடக்குற சாமான் கண்ணுக்குத் தெரியணும். கறுப்பு வேண்டாம்" என்றாள் அண்ணி, ஊசியில் நூலைக் கோத்தபடி.

கத்திக் கடைக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். ஒரே கத்தி, ஒரே இரும்பு, ஒரே பிடி. ஒன்று பூச்சில்லாதது, ஒன்று கறுப்புப் பூச்சு போட்டது. இரண்டையும் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பூச்சு போட்டா ஈரம் சுலபத்துல உள்ள போகாது, அது நெஜம். ஆனா தீட்டுற விளிம்புல பூச்சு நிக்காதுங்க. அங்க துருப்பிடிக்கணும்னா பிடிக்கத்தான் செய்யும். நாளாக ஆக கீறல் விழுந்து சொறி மாதிரி ஆயிடும். வெள்ளைன்னா தினம் துடைக்கணும், ஆனா அதுல எதுவும் ஒளிஞ்சிருக்காது. நீங்க எங்க வேலை செய்றீங்க, வெளியவா உள்ளயா?"

"உள்ளதான். சோபா வேலை."

"அப்ப வெள்ளையே எடுங்க."

பஞ்சு வெள்ளையைக் கையில் எடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. கறுப்பை எடுத்தான். விரலால் தட்டினான். சத்தமே இல்லாமல் திறந்து, வெளிச்சத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு நின்றது. போதும், ஆள் காலி. கடைக்காரர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, உறையில் போட்டுக் கொடுத்தார்.

அண்ணி பார்த்துவிட்டு, "ம்ம். மாப்பிள்ளை ஜோரு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் பழக்கம் பழையபடியே நடந்தது. காலையில் பிரிப்பது, மேஜைமேல் போடுவது, சாயந்திரம் மடக்குவது.

அந்தச் சமயத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டு வரவேற்பறைக்கு வரிசையாக நாற்காலிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கறுப்பு ரெக்ஸின். மேஜை முழுக்கக் கறுப்பு. அண்ணி எழுந்து வந்து கத்தியை எடுத்து ஒரு நூல் முனையை வெட்டினாள், மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். இது அவளுக்கு நினைவிருந்தது. அவள் முதுகைத் திருப்பிய பிறகு பஞ்சு அதே கத்தியை எடுத்தான், ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங் கயிற்றை அளவாக நறுக்கினான், வெட்டி வைத்திருந்த ரெக்ஸின் துண்டுகளின் நடுவே பிரித்தபடியே வைத்தான், ஸ்பாஞ்ச் எடுக்கப் பின்பக்கம் போனான். இது அவளுக்குத் தெரியாது.

அண்ணி வந்து, துண்டுகளை இரண்டு கையாலும் மொத்தமாக வாரினாள்.

கத்தவில்லை. "தம்பி, கொஞ்சம் வா" என்றுதான் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தபோது கறுப்பு ரெக்ஸினில் ரத்தம்கூடச் சரியாகத் தெரியவில்லை, ஈரமாக மினுங்கியது, அவ்வளவுதான். அவள் முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பஞ்சு அவள் கையைத் துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். சொல்லிவிட வேண்டும், நான்தான் அண்ணி, நீங்க சொன்னதைக் கேக்காம வாங்கி, நான்தான் அங்க வச்சேன். வாயைத் திறந்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என்னைச் சொல்லணும். நூலை வெட்டிட்டு நான்தான் அங்க வச்சேன். வச்ச நானே மறந்துட்டு கையை விடுறேன் பாரு. புத்தி எங்க மேயப் போச்சோ."

இந்த இடத்தில்தான் அவன் கெட்டான். சொல்ல வந்ததை மென்று விழுங்கினான். விழுங்கியதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். "பரவாயில்ல அண்ணி, யாருக்கும் வர்றதுதான், மனசுல வச்சுக்காதீங்க" என்றான். தான் செய்த தப்புக்கு அவளை மன்னித்துவிட்டான்!

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அண்ணி மகளின் எதிரிலும் அதையே சொல்லித் தட்டிக் கொடுத்தான். சுட்டுவிரலை மடக்குகிற தசைநார் அறுந்திருந்தது. டாக்டர் தைத்தார், கட்டு போட்டார், பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பஞ்சு தினமும் போனான். மருந்து வாங்கினான், கட்டு மாற்றக் கூட்டிப்போனான், பல் டாக்டர் நாற்காலிகளை ஒற்றை ஆளாகத் தைத்து முடித்தான். பார்த்தவர்கள் எல்லாம் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்றார்கள். அவன் மனைவி, "எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை அண்ணியைக் கடிஞ்சுக்கலையே" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பஞ்சுவின் காதில் விழுந்தது. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினான். கழுவினால் போகிற அழுக்கா அது?

ஒரு மத்தியானம் யாருமில்லாத பட்டறையில் உட்கார்ந்து, உப்புத்தாளை எடுத்து அந்தக் கத்தியின் கறுப்பைத் தேய்க்க ஆரம்பித்தான். பைத்தியக்காரத்தனம்தான். பூச்சு லேசில் விடவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். அங்கங்கே வெளுத்து, அங்கங்கே கறுத்து, பார்க்கவே சகிக்காத ஒரு சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. அதை மடக்கி, பழைய ஸ்பாஞ்ச் மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

விரல் தேறிக்கொண்டு வந்தது. டாக்டரே, "இனி மெதுவா தைக்கலாம்மா" என்றார். பஞ்சுவுக்கு உயிர் வந்தது. அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது, இனி அதைக் கிளறுவானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் அண்ணி வரவில்லை. இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று மெஷின்மேல் தூசி தட்டி வைத்ததுதான் மிச்சம். கடைசியில் அவள் மகள் போன் பண்ணினாள். "சித்தப்பா, அம்மா இனிமே மெஷின்ல உக்கார மாட்டாங்களாம். வேற ஆள் பாத்துக்கச் சொன்னாங்க. நேர்ல வாங்களேன்."

வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் அண்ணி இல்லை, மகள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எதையும் அளந்து வைக்கிற பெண். அவள் இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து தொங்கியது. எப்போதும் அது அண்ணியின் இடுப்பில்தான் இருக்கும்.

"டீ போட்டுக் கொண்டு வர்றேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விரலை மடக்கிக் காட்டினாள். முழுதாக மடங்கியது.

"பாத்தியா, கை நல்லாத்தான் இருக்கு" என்றாள். "தலைதான் தம்பி சரியில்ல."

"என்ன அண்ணி பேசுறீங்க?"

"எங்க அம்மா கடைசியில எப்படி ஆனாங்கன்னு உனக்குத் தெரியும்ல? பெத்த பொண்ணு என்னையே யாரும்மா நீன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பாலை வச்சுட்டு மறந்தாங்க, கதவைத் திறந்து போட்டுட்டு மறந்தாங்க. நான் கத்தியை வச்சுட்டு மறந்தேன். வச்சு அஞ்சு நிமிஷம் ஆகல தம்பி. எங்க வச்சேன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. மேஜை ஓரத்துல வச்ச மாதிரிதான் இருக்கு, ஆனா அது நடுவுல கெடந்துச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்பல்லாம் அவளே சமைக்குறா. என்னை அடுப்புக்கிட்ட விடுறதில்ல. தப்புன்னு சொல்ல மாட்டேன், எனக்கே பயமா இருக்கு. மெஷினை வித்துடு தம்பி. நாளைக்கு உன் கையில ஊசியை ஏத்திட்டேன்னா?"

பஞ்சு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டுப்பட்டது விரல்தான், விரல் ஆறிவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். தன் வாய்க்குள் பூட்டி வைத்த ஒரு வார்த்தை இந்த மனுஷியின் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"அண்ணி, நீங்க மேஜை ஓரத்துலதான் வச்சீங்க" என்றான். "உங்க ஞாபகம் சரிதான். அப்புறம் நான் எடுத்தேன். பைப்பிங் நறுக்கினேன். ரெக்ஸின் நடுவுல வச்சவன் நான். மடக்காம வச்சவன் நான்."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னான். அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. கோபமே வரவில்லை! "நெஜமாவா? அப்ப நான் மறக்கலையா? ஓரத்துலதான் வச்சேனா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அடியே, இங்க வா! உங்க சித்தப்பா என்ன சொல்றார்னு கேளு!"

மகள் டீயோடு வந்தாள். பஞ்சு அவளிடமும் சொன்னான். அவள் டம்ளரை அவன் முன்னால் வைத்தாள், நின்று முழுதும் கேட்டாள், பிறகு கனிவாகச் சிரித்தாள்.

"சித்தப்பா, உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல. அம்மா வருத்தப்படுறாங்கன்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்குறீங்க. ஆனா வேண்டாம். உண்மையாவே மறதி இருந்தா டாக்டரைப் பாக்கணும். இப்படிச் சொல்லி மறைச்சா அவங்களுக்குத்தான் கெடுதல்."

"இல்லம்மா, சத்தியமா நான்தான்."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில அம்மா அழுதப்போ, 'பரவாயில்ல அண்ணி'ன்னு தட்டிக் கொடுத்தீங்களே, நான் பாத்தேனே. நீங்க பண்ணியிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?"

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. மகளைப் பார்த்தாள், பஞ்சுவைப் பார்த்தாள். விரிந்த முகம் மறுபடி சுருங்கிற்று.

"நெஜமாவே நீதானா தம்பி? இல்ல, எனக்காகச் சொல்றியா?"

அவன் சத்தியம் செய்தான். செய்யச் செய்ய மகளின் கண்ணில் அவன்மேல் இருந்த மரியாதை கூடிக்கொண்டே போனது. இத்தனை நாள் மருந்து வாங்கிக் கொடுத்து, கட்டு மாற்றக் கூட்டிப்போய்ச் சேர்த்த நல்ல பெயர் மொத்தமும் வந்து அவன் வாயை அடைத்தது. அண்ணியோ நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அவள் மறுபடி அந்த இருட்டுக்குள்ளேயே போய்விடுவாள் என்பது பஞ்சுவுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது, சாகும்வரை சொல்லக்கூடாது என்று வைத்திருந்த ஒன்று அவனிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"நான் சொல்றதை முழுசா கேளும்மா" என்றான் மகளிடம். "கறுப்புக் கத்தி வேண்டாம்னு உங்கம்மா சொன்னாங்க. ஸ்டைலுக்காக வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உங்கம்மா 'நான்தான் வச்சேன்'னாங்க. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அவங்க கை ரத்தம் என் கையில வழியுது, எனக்கு அப்பாடான்னு இருக்கு. தப்பிச்சோம்னு இருந்துச்சும்மா. அதுக்கப்புறம் நான் கொண்டு வந்த மருந்தெல்லாம் பாசத்துல இல்ல. எங்க உங்கம்மாவுக்கு ஞாபகம் வந்துடுமோன்னு பாக்கத்தான் தினமும் வந்தேன்."

உள்ளே அடுப்பில் எதுவோ கொதித்து வழிந்தது, மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரக்கப்பட்டு யாரும் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் இருந்த கனிவு வடிந்து போவதைப் பஞ்சு எதிரே உட்கார்ந்து பார்த்தான். அவள் குனிந்து, அவன் வாய் வைக்காத டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அம்மாவின் மடியில் வைத்தாள். "மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணி சாவிக்கொத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாடான்னு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"எனக்கு இப்பதான் அப்படி இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கை வெட்டுப்பட்டதுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேலைன்னா நடக்குறதுதான். ஆனா எங்கம்மா மாதிரி ஆயிட்டேன்னு நான் தினம் தினம் செத்தேனே, அதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு, மாத்திரையை எண்ணிக் கொடுத்துட்டுப் போனியே. எப்படி தம்பி உனக்கு மனசு வந்துச்சு?"

பஞ்சு வேர்த்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மெஷினை விக்க வேண்டாம். நாளைக்கு வேலைக்கு வர்றேன்" என்றாள். "இப்ப நீ கிளம்பு."

எழுந்தான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும் சொல்வதுபோல் உள்ளே பார்த்து, "வர்றேன் அண்ணி" என்றான். கொஞ்ச நேரம் நின்றான். "வா" என்று யாரும் சொல்லவில்லை.